பதிப்புரிமைப் பக்கத்தில் இன்னொரு பெயர்

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்கு எனக்கும் கணவருக்கும் தயிர்சாதம், மாவடு. ஆறு பத்துக்கு பேர்லேண்டில் வீட்டைப் பூட்டிக் காரை எடுத்தேன். ஏழு ஐந்துக்கு ஹூஸ்டனில் என் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, புதுப் புத்தகங்களுக்குப் பட்டியல் பதிவு எழுதும் எங்கள் பிரிவு. தள்ளுவண்டியில் முப்பத்தொரு புத்தகங்கள் காத்திருந்தன. பதினொன்றே முக்காலுக்குள் ஒன்பது முடித்தேன்.

என் டைரியில் அந்த நாள் அதோடு நிற்கிறது. பக்கத்தின் கீழ்ப்பாதி காலி. இருபத்தெட்டு வருட டைரிகளில் ஒரு வேலைநாளின் பாதி காலியாகக் கிடப்பது அந்த ஒரு பக்கத்தில்தான். இந்த ஆண்டு, 2001 மே மாதம், எங்கள் பிரிவை மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் நானும் ஓய்வு வாங்கிக்கொண்டேன். அமெரிக்க நூலகங்களில் பட்டியல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். விதிமுறைகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். அதனால் அந்தக் காலிப் பாதியை எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் விளங்குமோ என்று ஓர் ஆசை.

இரண்டு விஷயங்களை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, என் பெயர். ஊரில் நான் ப. திலகவதி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் ஏறியது. அமெரிக்காவில் கடைசிப் பெயர்தான் ஆளின் பெயர். ஆகவே அலுவலகத்தில் நான் பழனியப்பன். கடிதங்கள் எல்லாம் 'மிஸ்டர் பழனியப்பன்' என்றே வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும்போது கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மிஸஸ்' என்று எழுதுவேன். ஒருமுறைகூட விட்டதில்லை. நூலக விருந்துகளில் என் கணவரையும் மிஸ்டர் பழனியப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். "மாமனார் சொத்து ஒண்ணும் வரலை, பேராச்சும் வந்துச்சே" என்று அவர் என் காதில் சொல்வார்.

இரண்டாவது, ஒரு பழக்கம். 1973இல் கோயம்புத்தூரில் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, எழுத்தாளர்களின் புனைபெயர்களையும் சொந்தப் பெயர்களையும் இணைப்பது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் வார இதழ்களில் தொடர்கதை எழுதிய ஆண்கள் எத்தனையோ பேர் பெண் பெயரில் எழுதினார்கள். மனைவி பெயர், தங்கை பெயர், சும்மா ஒரு பெயர். அந்தப் பெயருக்கு ஒரு பட்டியல் கார்டு எழுதி, அதில் 'காண்க' என்று போட்டு, சொந்தப் பெயரைக் குறிப்பேன். வாசகர் எந்தப் பெயரைத் தேடி வந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் அப்படி எழுதும் ஒருவரே நூலகத்துக்கு வந்தார். இழுப்பறையைத் திறந்து தன் கார்டைப் பார்த்தவர், மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பார்த்தியா, கவர்ன்மெண்ட் கார்டுலயே நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துட்டாங்க" என்றார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தார். புனைபெயர் என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு, முடிச்சை அவிழ்த்துக் காட்டினால் சம்பந்தப்பட்டவருக்கே சந்தோஷம் என்று அன்று என் மனதில் பதிந்தது. அதைத்தான் டெக்சாஸுக்கும் எடுத்து வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு வாரங்களுக்கு முன், பிப்ரவரி 25 அன்று, ஸ்பானிஷ் மொழியில் ஒரு மெலிந்த நாவல் என் வண்டியில் வந்தது. டெக்சாஸிலேயே ஒரு சின்னப் பதிப்பகம் வெளியிட்டது. கௌச்சோ கதை. கௌச்சோ என்றால் அர்ஜென்டினாவின் பெரும் புல்வெளிகளில் குதிரைமேலேயே வாழ்ந்த மாடு மேய்ப்பர்கள். இடுப்பில் நீளக் கத்தி, கையில் கித்தார், சட்டம் எட்டாத எல்லைப்புறம். அவர்களைப் பற்றிய கதைகள் ஸ்பானிஷில் தனி வகையாகவே உண்டு என்று அதற்கு முன்பே தெரியும். ஸ்பானிஷ் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெசிந்தா சொல்லியிருந்தாள். தூத்துக்குடிப் பெண். இந்த ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

"கௌச்சோ கதையில பொம்பளைக்கு ரெண்டே வேலைதான்க்கா" என்பாள். "ஒண்ணு, யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்க. இல்லன்னா குடிசை வாசல்ல நின்னு அழுவாங்க. மிச்சமெல்லாம் ஆம்பளை, குதிரை, ஆம்பளை, குதிரை."

இந்த நாவல் அப்படி இல்லை. மாலை வகுப்பில் இரண்டு வருடம் படித்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி அதன் கதையைப் பிடித்தேன். எல்லைக் கோட்டை ஒன்றில் இருபது வருடம் மாடு ஓட்டிய, கத்திச் சண்டையில் பெயர்பெற்ற ஒரு கௌச்சோ காய்ச்சலில் இறந்துபோகிறார். உடலைக் குளிப்பாட்ட உள்ளே போன கிழட்டுச் சிப்பாய் வெளியே வந்து, அது பெண்ணின் உடல் என்கிறான். கூட வேலை செய்தவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ஏமாற்றப்பட்டோம் என்கிறான் ஒருவன். நம்மில் யாருக்காவது அவரால் கெடுதல் உண்டா என்கிறான் இன்னொருவன். விடியும்போது கத்தியையும் சேணத்தையும் உடன் வைத்துப் புதைக்கிறார்கள்.

அட்டையில் ஓர் ஆணின் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்காக அவரை ரமோன் என்று வைத்துக்கொள்கிறேன். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பொடி எழுத்தில், பதிப்புரிமை ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவியாக இருக்கலாம் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பதிப்பகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண், ரெண்டும் ஒரே ஆள்தான் என்று பிறந்த வருடத்தோடு சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே உற்சாகம். நம் ஊரில் ஆண்கள் பெண் பெயரில் எழுதினார்கள், இங்கே ஒரு பெண் ஆண் பெயரில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, கோயம்புத்தூரில் செய்ததைச் செய்தேன். பெண் பெயரைப் போட்டு, 'காண்க: ரமோன்' என்று இணைத்தேன். எங்கள் பதிவுகள் மற்ற நூலகங்களுக்கும் கணிப்பொறி வழியாகப் போகும். அன்று மாலையே போய்விட்டது. ஜெசிந்தாவுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் மேசைமுன் ஒரு குதி குதித்தாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்கால்.

மேலே வரவேற்பிலிருந்து போன் வந்தது. மிஸ்டர் பழனியப்பனைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறாராம். படியேறிப் போனேன். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். துடைத்து மெருகேற்றிய பூட்ஸ், வெயிலில் வெந்த கழுத்து, கயிறு பிடித்துக் காய்ப்பேறிய கைகள். ஆண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

"மிஸ்டர் பழனியப்பனைப் பார்க்க வேண்டும்" என்றார்.

"நான்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். சுடிதார், அதன்மேல் கம்பளிச் சட்டை, நெற்றியில் பொட்டு. என் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார்.

"மன்னியுங்கள். என்னைப் பார்த்து யாராவது இப்படி விழிப்பார்கள் என்றுதான் பதினான்கு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். கடைசியில் விழித்தது நான்."

புத்தக அட்டையில் இருந்த அந்தப் பெயரைத்தான் தன் பெயராகச் சொன்னார். காலியாக இருந்த ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனேன். அவர் உட்காரவில்லை.

பேர்லேண்டுக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவருக்குக் கீழே ஆறு ஆட்கள். பண்ணைக்குள்ளேயே ஒரு வீடு. பதினான்கு வருடமாக அங்கே அவர் ரமோன். அதற்கு முன் வேறு பண்ணைகளிலும் ரமோன்தான். அந்த ஊர்ச் சிறிய நூலகத்தில் வரும் சனிக்கிழமை உள்ளூர் எழுத்தாளர்களுக்கு ஒரு மேசை போடப்போகிறார்கள். நூலகத்து அம்மாள் நல்ல மனதோடு அவருக்குப் போனில் ஒரு செய்தி விட்டிருந்தாராம்: புதுக் கணிப்பொறியில் உங்களைத் தேடினேன், உங்களோடு ஒரு பெண் பெயரும் வருகிறதே, சேர்ந்து எழுதினீர்களா, இரண்டு பெயரையும் பட்டியலில் போட்டுவிடட்டுமா? புதன்கிழமை பத்து மணிக்குப் பட்டியல் அச்சகத்துக்குப் போகிறது. பண்ணை முதலாளியின் மனைவி அந்த நூலகக் குழுவில் இருக்கிறார். பதிப்பகத்தைக் கேட்டதில், பல்கலைக்கழக நூலகத்துப் பழனியப்பன் விசாரித்ததாகச் சொன்னார்களாம்.

"என் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை" என்றார் ரமோன். "ஆனால் தெரிந்த பிறகு ஒரு நாள்கூட அங்கே என்னால் இருக்க முடியாது. குதிரை, வீடு, என் நாய் புதைந்திருக்கும் இடம், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட முடியுமா?"

"அந்தப் பெயர் புத்தகத்திலேயே இருக்கிறதே" என்றேன். குற்றவாளி பேசுவது போலத்தான் பேசினேன்.

"ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். அச்சிட்டுவிட்டார்கள். சண்டை போட்டேன். அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் படிப்பதில்லை என்றார்கள்." என் பெயர் அட்டையைப் பார்த்தார். "நீங்கள் படித்திருக்கிறீர்கள்."

"அது என் வேலை."

"தெரியும். என் கதையில் குளிப்பாட்டுகிறவனுக்கும் அதுதான் வேலை."

ஒரு விஷயம் உறுத்தியது, அதைக் கேட்டுவிட்டேன். கதையில் அந்தச் சிப்பாய் வெளியே வந்து சொல்லித்தானே ஆனான், அதை எழுதியது நீங்கள்தானே?

அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "மூன்று தடவை எழுதினேன். ஒரு தடவை அவன் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தயார் என்கிறான். அப்படி எழுதினால் கதையே இல்லை. யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அதனால் சொல்லவைத்தேன். சரியாகச் செய்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது."

போகும்போது கதவருகே நின்று ஒன்று சொன்னார். "எல்லைப்புறம் என்று எதைச் சொல்கிறோம்? உன் பழைய பெயர் என்ன என்று யாரும் கேட்காத இடம். இங்கே அது இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது என்று நினைத்திருந்தேன்."

கீழே வந்து தயிர்சாதத்தைத் திறந்தேன். சாப்பிடவில்லை. என் குழப்பத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். இப்போது இதற்கெல்லாம் ஏதேதோ சொற்கள் சொல்கிறார்கள். 1997இல் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். முள்ளும் வெயிலும் படாமல் இருக்க. யாரும் அதை ஒன்றும் நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார்கள். இது அந்தச் சட்டை இல்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது. வேறென்ன என்று புரியவில்லை. அவர் என்னிடம் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பிரிவின் தலைவியிடம் போனேன். டெக்சாஸில் பிறந்து வளர்ந்த அம்மாள், முப்பது வருட அனுபவம், எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். எதற்கும் பதில் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பெயர் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியானால் உங்கள் பதிவு சரி."

"எடுத்துவிட்டால்?"

"எடுப்பதும் பெரிய குற்றம் இல்லை. ஆனால் அந்த ஊர் நூலகம் உங்கள் பதிவை ஏற்கெனவே தன் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொண்டது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கும். என்ன சொல்வீர்கள்?"

"இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று சொன்னால்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பழனியப்பன், அது பொய்."

"ஆமாம்."

"ஏழு வருடத்தில் நீங்கள் ஒரு பக்க எண்ணைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை."

"ஆமாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்குப் பல் டாக்டரிடம் நேரமாகிறது. வாயில் மருந்து போட்டால் பாதி நாள் எதுவும் நினைவிருக்காது. நாளைக்குப் பார்க்கலாம்."

அது அனுமதியா, எச்சரிக்கையா, அல்லது உண்மையாகவே பல்வலியா? நான்கு வருடமாக யோசிக்கிறேன். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

மூன்றரைக்கு ஜெசிந்தா வந்தாள். கையில் நான் கொடுத்த நகல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"எக்கா, என் கைடு சொக்கிப் போயிட்டாரு. ஒரு சாப்டர் முழுக்க இதையே வெச்சு எழுதச் சொல்லிட்டாரு. இத்தன வருசமா ஆம்பளைங்களே எழுதின எடத்துல ஒரு பொம்பளை, அதுவும் ஆம்பளை வேஷம் போட்ட பொம்பளையப் பத்தி..."

"ஜெசி, உக்காரு" என்றேன். "அவரு இன்னிக்கு வந்தாரு."

"யாரு?"

சொன்னேன்.

"வந்தாங்களா? இங்கயா? அய்யோ, என்னையக் கூப்பிடக் கூடாதா நீங்க! எப்படி இருந்தாங்க?"

"பூட்ஸ் போட்டுருந்தாரு."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க, நான் என்ன கேக்கேன்..." என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மற்றதையும் சொன்னேன். அந்த இணைப்பை எடுத்துவிட யோசிக்கிறேன் என்றும் சொன்னேன்.

பிளாஸ்டிக் உறையை மேசையில் நேராக வைத்தாள், பிறகு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அப்ப என் சாப்டர்?"

"நாவல் எங்கயும் போகலையே. கதையப் பத்தி எழுது."

"கதையப் பத்தி எவன் வேணாலும் எழுதலாம். இது தெரிஞ்சாதான் அந்தப் புக்க நாலு பேரு தேடிப் படிப்பாங்க. இல்லன்னா உங்க ஷெல்ஃப்ல தூசி படிஞ்சு கெடக்கும்." குரல் உயர்ந்தது. "பொம்பளைங்க எழுதினதையெல்லாம் ஏற்கெனவே அழிச்சாச்சு. இப்ப ஒரு பொம்பளையே உக்காந்து அழிக்கப்போறீங்களா?"

"அவரு தன்னைப் பொம்பளைன்னு சொல்லலையே, ஜெசி."

"அப்ப என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அங்க இருக்க முடியாதுன்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

"உண்மைய எழுதுறதுதானே நம்ம வேலை? நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க, கமாகூட விடக் கூடாதுன்னு!"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ரமோன் சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டு சரிகளை ஒரே கார்டில் எழுத எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

"நீங்க லைப்ரரியனாக்கா, இல்ல அவரோட வக்கீலா?" என்றாள் எழுந்துகொண்டே. "எடுத்துக்கோங்க. என்கிட்ட பிரிண்ட்அவுட் இருக்குல்லா." போய்விட்டாள். ஆம், அவளிடம் இருந்தது. அதையும் நான்தான் கொடுத்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"ஏந் திலகா, நீ தப்பாப் போட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா உம் பேரு கெடாதா?"

"கெடுமுங்க."

"அந்தாளு கேட்டதுக்காகவா?"

"அவரு கேக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கோணுமுங்க. பதிப்பகத்துக்கு போன் பண்ணேன். அவருக்குப் பண்ணலை."

அவர் ஒரு காம்பை ஒடித்துப் போட்டார். "கெடற பேரு உங்கப்பன் பேருதானே, போவட்டும் உடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க அப்போதுதான் சிரித்தேன். ஆனால் முடிவு வரவில்லை. டைரியைத் திறந்து 'பதினொன்றே முக்காலுக்குள் ஒன்பது முடித்தேன்' என்பது வரை எழுதினேன். அதற்குமேல் எதை எழுதினாலும் அதுவும் ஒரு பதிவாகிவிடும் என்று தோன்றியது. மூடிவைத்தேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்டால், விதியை மீறுங்கள் என்று சொல்லமாட்டேன். விதி எவ்வளவோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நான் சொல்ல முடிந்தது சின்ன விஷயம். பெயர்களை இணைக்கும் முன், அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், பதிப்பகத்தைக் கேட்கும் முன் அவரைக் கேளுங்கள். நம் ஊரில் விளையாட்டாக இருப்பது இன்னோர் இடத்தில் ஒருவர் குடியிருக்கும் வீடாக இருக்கலாம். இது எனக்கு ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் தெரிந்தது; உங்களுக்கு முன்னாலேயே தெரியட்டும். ஆனால் ஜெசிந்தா கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

அவளுடைய ஆய்வேடு 1999இல் பட்டியலிட என் வண்டிக்கே வந்தது. பொதுவாக நான் உள்ளே படிப்பதில்லை. அன்று அந்த அத்தியாயத்தைத் தேடிப் பிரித்தேன். இருபத்தாறு பக்கம். குளிப்பாட்டும் சிப்பாயைப் பற்றித்தான் பாதி. நாவலாசிரியர் பற்றி ஒரே வரி: டெக்சாஸில் வசிக்கிறார். ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஒரு வருடம் அவள் என் மேசைப்பக்கம் வரவில்லை. வந்த பிறகும் நாங்கள் அதைப் பேசவில்லை. அதற்கடுத்த ஆண்டு ரமோனின் இரண்டாவது நாவல் வந்தது. முதல் வேலையாகத் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. அதே பண்ணையில் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்கிழமை. வழக்கம்போல ஏழு ஐந்துக்கு உட்கார்ந்தேன். காபி பிளாஸ்கைக்கூடத் திறக்கவில்லை. முதலில் அந்தப் பெண் பெயரைத் திரைக்குக் கொண்டுவந்து, 'காண்க' வரியை நீக்கினேன். கணிப்பொறி நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமில்லை, ஆம் என்று அழுத்தினேன். பிறகு அந்தச் சிறிய ஊர் நூலகத்துக்கு ஃபேக்ஸ் தட்டச்சு செய்தேன்: எங்கள் பதிவில் பிழை நேர்ந்துவிட்டது, அவை இரண்டு வெவ்வேறு நபர்களின் பெயர்கள், தவறு முழுக்க என்னுடையது, அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண் பெயரை எடுத்துவிடவும். படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. கீழே பழனியப்பன் என்று கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் பேனா பக்கத்திலேயே 'மிஸஸ்' எழுத அடைப்புக்குறி போடப் போனது. பேனாவை எடுத்துவிட்டேன். அப்படியே அனுப்பினேன். ஏழு இருபத்தெட்டு.